நிகர எடை

சிலைமான் எடைமேடையில்
அறுபது டன் வரை நிறுப்பேன்.
பத்துப் பத்துக் கிலோவாகத்தான் பேசும் இயந்திரம்.
ஒற்றைக் கிலோ அதன் காதில் விழாது.

நூற்று மூன்று கிலோவோடு
சோற்றை விட்டேன்,
காணும் பொங்கல் கழிந்த மறுநாள்.
பொங்கலைத் தாண்டட்டும் என்று
காத்திருந்தது உண்மைதான்.

காலையில் நாலு முட்டை.
மதியம் காலிஃபிளவரைத் துருவி
சாதம் என்று பெயர் வைத்து
மேலே குழம்பை ஊற்றினால்
குழம்புக்கே தெரிந்துவிடுகிறது.
மாலையில் எண்ணி நூறு பாதாம்.
எண்பதில் போன் வந்தால்
மறுபடி ஒன்றிலிருந்து.

விரகனூர் முக்கில் ஒருநாள்
கறிதோசை வாங்கி
கறியை மட்டும் உரித்துத் தின்றேன்.
கல்லில் நின்ற மாஸ்டர்
அடுத்த கரண்டி மாவை ஊற்றாமல்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.
மறுவாரம் அவரே கேட்டார்:
"தோசை இல்லாத கறிதோசை தானண்ணே?"
கறிக்குக் கூடுதலாக நாற்பது ரூபாய்
வாங்கவும் மறக்கவில்லை.

வேலையோ இப்படி:
விடிந்தால் திருப்புவனத்து நெல்,
வெயில் ஏறினால் மில்லிலிருந்து புழுங்கல்.
தார்ப்பாய் விலகிய இடத்தில்
சோறாகப் போகும் வாசனை.
ஏழாயிரத்து இருநூற்று நாற்பது கிலோ
என்று சீட்டு அடிக்கும்போது
எத்தனை தட்டு என்று
வயிறு தனியாக ஒரு கணக்கு போடும்.

"ஆளு சுண்டிட்டீகளே, சுகரா?"
என்றார் டிரைவர் ஒச்சப்பன்.
இல்லை என்று நாலு தடவை சொல்லிப் பார்த்து
ஆமாம் என்றேன்.
அன்றிலிருந்து வாரம் ஒரு பொட்டலம்
ஆவாரம்பூ வருகிறது.

வண்டி வராத நடுராத்திரிகளில்
மேடையில் நானே ஏறி நிற்பேன்.
கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எழுத்து: நூறு.
தொண்ணூற்று ஆறுக்கு வந்தும் நூறு.
மாசி முழுக்க நூறு.
பங்குனியில் ஒரு ராத்திரி
நூறு, தொண்ணூறு, நூறு, தொண்ணூறு என்று
இருப்பதா போவதா எனத் தெரியாமல்
அது தவித்தது.
நான் மூச்சு விடாமல் நின்றேன்.

வீட்டில் அன்னமயிலின் கை
அளவு மாறவில்லை.
இருபது வருசமாகத் தலைதட்டி மூணு உழக்கு.
குறைத்துப் போட்டால்
பானை முறைக்கிறதாம்.
மிஞ்சியதைக் கொட்ட மனசு வராமல்
தண்ணீர் ஊற்றி வைத்து
காலையில் மோர்மிளகாயோடு அவளே குடிப்பாள்,
நான் முட்டை உரிப்பதற்கு எதிரே உட்கார்ந்து.
ரவிக்கையின் பக்கத் தையலைப் பிரித்துவிட்ட
தையல்காரிக்குத்தான் முதலில் தெரிந்தது:
நான் விட்ட ஒன்பது கிலோவில்
ஆறு அவளிடம் இருக்கிறது.

அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள்
ராமேஸ்வரம் சாலையில் லாரியே இல்லை.
சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவளை
மேடைக்குக் கூப்பிட்டேன்.
"லாரி நிக்கிற எடமில்ல?" என்றவள்
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்.
பக்கத்தில் நானும் நின்றேன்.

நூற்று அறுபது.

"தையில வெளையாட்டா நின்னப்பவும்
இதத்தானே காட்டுச்சு?" என்றாள்.
ஓடிப்போய்ச் சீட்டு அடித்தேன்.
மொத்த எடை நூற்று அறுபது.
வண்டி எண் காலி.
நிகர எடைக்கு நேரே கோடு.
"இது எப்பத் தெரியும்?"
"பாரத்த எறக்கிட்டு
வெறும் வண்டியா வந்து நிக்கணும்."
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
சீட்டை நாலாக மடித்துப்
பர்ஸுக்குள் வைத்தாள், ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில்.

ஒச்சப்பன் ஹாரன் அடித்தார்.
"தள்ளுங்கண்ணே, நெல்லு நிக்குது."
தவிட்டுப் புழுதிக்குள்
அவள் ஒற்றைச் செருப்பைத் தேட,
வண்டிக்குக் கை காட்டியபடி
மேடையில் நான் மட்டும் நின்றேன்.
என்ன காட்டியது என்று
திரும்பிப் பார்க்கவில்லை.