இடைத்தாள்

முஹர்ரக் சரக்கு முனையத்தில், ஆகஸ்டில்,
கண்ணாடிக் கதவுகள் வெளிப்பக்கம் வியர்க்கும்.
டோக்கன் நாற்பத்தொன்று. நான்தான்.
மேசைமேல் என் பொதி,
லியோனிலிருந்து, நான்கு கிலோ எண்ணூறு.
"கித்தாப்?" என்றார் அதிகாரி பத்ரிய்யா.
"கித்தாப்."
"பாடப் புத்தகமா?"
இல்லை மேடம், படம் போட்ட பழைய பிரெஞ்சுப் புத்தகம்.
"நீ படிப்பாயா இதை?"
காரைக்காலில் ஆறு வருடம் படித்தேன்,
இறந்தகாலம் மட்டும் இன்னும் தடுக்கும்.

கத்தி அட்டைப்பெட்டியைக் கீறியது.
மெல்ல மேடம், உள்ளே தோல்.
சிவப்பு ஆட்டுத்தோல், முதுகில் ஐந்து வரம்பு,
வரம்புக்கு வரம்பு பொன்னில் ஒரு மாதுளம்பூ.
1838-இல் எவனோ ஒருவன்
காய்ந்த இரும்பை எச்சில் தொட்டுப் பார்த்து
சுர்ரென்றதும் ஒரு மூச்சு பொறுத்து
அழுத்திய பூ.

விலை கேட்டார். சொன்னேன்.
திரும்பவும் கேட்டார். அதையே சொன்னேன்.
சித்ரா குளிர்கிடங்கில் கணக்கெழுதுகிறேன் மேடம்,
உறைந்த கோழிகளுக்கு.
இது ஆறு மாத ஓவர்டைம்,
ஊருக்குப் போகாமல் விட்ட ஒரு விடுப்பு.

சொல்லாதது:
குதைபியாவில் நாலு பேர் அறை,
கட்டிலடியில் பெட்டி,
பெட்டிக்குள் பதினொன்று. பதினொன்றும் மூளி.
ஒன்றில் முகப்புப் பக்கம் இல்லை.
ஒன்றில் ராமபாணம் நாற்பதாம் பக்கம் நுழைந்து
அறுபத்துமூன்றில் வெளியேறியிருக்கிறது,
நான்கூட அவ்வளவு ஒழுங்காய்ப் படித்ததில்லை.
செருப்புக்கடை குத்புதீன் சேர்த்துவைத்துத் தருவான்
'தின்னாதே' என்று பன்னிரண்டு மொழியில் கெஞ்சும்
சிலிக்கா பொட்டலங்களை.
தனிஸ்லாஸ் ஏசியைப் பதினெட்டுக்கு இறக்குவான்,
நான் இருபத்திரண்டுக்கு ஏற்றுவேன்.
"பெட்டிக்குள்ள இருக்கிறவளுக்குக் குளிருதாக்கும்" என்பான்.
ஆனாலும் மீன்குழம்புக் கையோடு
ஒருநாளும் அந்தப் பக்கம் வந்ததில்லை.

இதுதான் முதல் முழுசு.
இருபத்துநாலு படமும் இருக்கிறது.

பத்ரிய்யா புரட்டினார்.
கோட்டை. கப்பல். மழையில் ஒரு கழுதை.
பதினேழாவதில் நின்றார்.
ஆற்றில் மூன்று பெண்கள்,
ஆற்றை மட்டும் உடுத்திக்கொண்டு.

இழுப்பறை திறந்தது.
ஸ்டேப்ளர், பேரீச்சங்கொட்டை, கறுப்பு மார்க்கர்.
அந்த மார்க்கரை எனக்குத் தெரியும்.
என் மூன்றாம் புத்தகத்தில் ஒரு தேவதை
கழுத்துக்குக் கீழே நடுராத்திரியாக இருக்கிறாள்,
பக்கத்தைத் திருப்பினால்
அடுத்த பக்கக் கவிதையிலும் கசிந்திருக்கிறாள்.

மூடியைக் கழற்றினார். நெடி வந்தது.
நான் கழுதையைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
படத்துக்கு முன்னால் ஒட்டிய இடைத்தாளை,
வெங்காயச் சருகு போல் ஓரம் பழுத்ததை,
இரண்டு விரலால் தூக்கினார்,
குழல்விளக்குக்கு நேரே கொஞ்சம் பிடித்தார்,
படத்தின்மேல் விட்டார்.
அது இறங்கி அமர நேரம் எடுத்தது.
"ஏற்கெனவே போர்த்தித்தானே இருக்கிறது"
என்று மூடியை மாட்டினார்.
முத்திரை. வரி. ரசீது.
நாற்பத்திரண்டு!

இரவு.
தனிஸ்லாஸ் குறட்டை. கைபேசி வெளிச்சம்.
இடைத்தாளை மட்டும் தூக்கிப் பிடித்தேன்.
இத்தனை வருடம் படத்தோடு ஒட்டிப் படுத்ததில்
மை அதிலும் ஏறியிருந்தது.
தேநீர்க் கறை நிறத்தில்,
இடம் வலம் மாறி,
ஆற்றில் மூன்று பெண்கள்.

குழல்விளக்குக்கு நேரே பிடித்தாரே.
இதைப் பார்த்திருக்க மாட்டாரா?

கண்ணாடி நெற்றியில் இருந்தது.
கிட்டத்தில் பார்க்க அதைக் கழற்றுவாரா,
மாட்டுவாரா, எனக்குத் தெரியாது.

பெட்டியை மூடுமுன்
ஒரு பொட்டலம் கூடுதலாய் வைத்தேன்.