முதல் பக்கம், மூன்றாவது பாட்டு

பழைய இசைத்தட்டை முதலில் முகர்ந்து பார்ப்பேன்.
ஹல் நகரத்து ஈரம் அட்டையில் ஏறியிருந்தால்
மூக்குக்குத்தான் முதலில் தெரியும்.
பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து
கீறல் தேடுவேன்.

இது ஒரு பல் மருத்துவர் செத்த வீட்டிலிருந்து வந்தது.
பதினொரு பெட்டி, பாதிக்கு மேல் கிறிஸ்துமஸ் பாட்டு.
ஏழாவதின் அடியில்
'டைட் டேபிள்ஸ்', எண்பத்திரண்டு.
முந்நூறு பிரதிதான் போட்டார்கள்.
அட்டை ஜெராக்ஸ். அவர்களே மடித்து அவர்களே ஒட்டியது,
ஒரு மூலையில் பசை இன்னும் மஞ்சளாகத் துருத்திக்கொண்டிருக்கிறது.
மீனுக்குப் புகை போட்ட கொட்டகையில் பதிவாம்.
கப்பல்துறை மூடிய பிறகு அந்தத் தெருவில்
வாடகை கேட்க ஆளில்லை.

கித்தார் தகரத்தைச் சுரண்டும்.
கெய்னர் ஸ்டேதர்ஸ் என்கிற பெண் பாடமாட்டாள்,
கடைசி பஸ்ஸை விட்டவள்
தெருவையே திட்டுவது போல்
ஒரே மூச்சில் கொட்டித் தீர்ப்பாள்.
அடியில் பேஸ் மட்டும்
கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்து போகும்.

நானூற்று இருபது பவுண்ட் என்று எழுதிச்
சுவரில் மாட்டினேன்.

செவ்வாய்க்கிழமை மழையில் ஒருவர் நுழைந்தார்,
பஸ் டிரைவர் சீருடை.
சுவரைப் பார்த்தார், விலையைப் பார்த்தார், சிரித்தார்.
"காஸ் பில் கட்ட என்னுடையதை
இரண்டு பவுண்டுக்கு விற்றேன்.
டிரம்ஸ் நான்தான்."

பின்னட்டையில் நான்கு முகம்.
ஒன்றை ஜெராக்ஸ் பாதி தின்றிருக்கும்.
மிச்சப் பாதியை அன்றைக்குத்தான் பார்த்தேன்.
கீத் பிளென்கின்.

"வாங்க வரவில்லை.
மூன்றாவது பாட்டை ஒரு தடவை போடுவீர்களா?"

ஊசி இறங்கியது.
நனைந்த தொப்பி இரண்டு கையிலும்.
வலது கால் மட்டும்
இல்லாத பெடலை மிதித்துக்கொண்டிருந்தது.
இரண்டாம் நிமிடம் தாண்டியதும் விரலைத் தூக்கினார்:
"இங்கே."

ஓர் அடி முந்தி விழுந்தது.
படியில் தடுக்கியவன் போல்
மொத்தப் பாட்டும் முன்னே சாய்ந்து
எப்படியோ நிமிர்ந்து ஓடியது.
எனக்குப் பிடித்த இடமே அதுதான்.
சொல்ல வாயெடுத்தேன்.

"இன்னொரு தடவை."

மூன்று தடவை.

"காலின் விட்ட தப்பு என்று சொன்னேன்.
லீட்ஸிலிருந்து திரும்பும்போது, வேனில்,
எல்லார் காதிலும் விழ.
அவன் பதில் பேசவில்லை.
இறங்கும்போது பேஸை எடுக்காமலே போனான்.
கேளுங்கள், நூல் பிடித்த மாதிரி வாசித்திருக்கிறான்.
பிசகியது என் கால்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
முந்நூறு வீடுகளில் அது
நிமிடத்துக்கு முப்பத்து மூன்று தரம்
சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது,
ஒருவருக்கும் தெரியாமல்.
எனக்கும்.
நான் அதை ரசித்துக்கொண்டிருந்தேன்.

காலின் இப்போது?

"விதர்ன்சீயில் கேரவன் போட்டிருக்கிறான்.
உயிரோடுதான் இருக்கிறான்."
தொப்பியைப் பிழிந்தார்.
"அதுதான் கஷ்டம்."

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று போனார்.
தரையில் கொஞ்சம் தண்ணீர்.

விலையைக் குறைத்தேன் என்று சொல்ல ஆசைதான்.
வெள்ளிக்கிழமை கடை வாடகை.
ஒசாகாவிலிருந்து ஒருவர் பேரம் பேசாமல் பணம் அனுப்பினார்.
பார்சல் கட்டுவதற்கு முன்
அந்த ஒரு பாட்டைக் காசெட்டில் பதிந்தேன்.
கல்லாவுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.
இன்னும் அவர் வரவில்லை.

நேற்று கடை வாசலில் அவர் பஸ் நின்றது, சிக்னலுக்காக.
நெற்றியில் விதர்ன்சீ என்று எரிந்தது.
நாளைக்கு இரண்டு நடை.
அட்டவணையை எடுத்துப் பார்த்தேன்:
அங்கே போய்த் திரும்புமுன்
வண்டிக்கு எட்டு நிமிடம் ஓய்வு.

பாட்டு மூன்று நிமிடம் பத்து நொடி.