நினைவகம் நிரம்பிவிட்டது

போபோ-தியுலாசோ, பெரிய சந்தையின் பின்வாசல்,
கிழிந்த குடை, குடைக்கடியில் ஒரு மேசை.
ரீசார்ஜ் செய்வேன். பேட்டரி ஏற்றித் தருவேன்.
குறுஞ்செய்தி படித்துச் சொல்ல
ஒன்றுக்கு இருபத்தைந்து பிராங்க்.
சாவுச் செய்திக்கு மட்டும் வாங்குவதில்லை.
சந்தைக்கே தெரியும்.

மணவிலக்கு படித்திருக்கிறேன், ஜப்தி படித்திருக்கிறேன்.
மகளுக்கு வந்த காதலை அப்பனுக்குப் படிக்கும்போது
கோழி விலை என்று மாற்றிச் சொல்லியிருக்கிறேன்.
யாராலும் பிடிக்க முடியாது.
இந்தத் தொழிலின் பயம் அதுதான்,
ருசியும் அதுதான்.

கொரோடிமி ஷியா வெண்ணெய் விற்பவள்.
அவள் போனில் பெயர்களே கிடையாது.
மீன் என்றால் மீன்காரி,
பாம்பு என்றால் கடன்காரன்,
விமானம் என்றால் புருஷன்.
சியாகா போனதென்னவோ பஸ்ஸில்தான்,
எல்லை தாண்டி, புவாக்கே பக்கம், முந்திரி ஆலைக்கு.
இருந்தாலும் விமானம்தான் வைக்கச் சொன்னாள்.
நான்தான் வைத்துக் கொடுத்தேன்.

எண்கள் தெரியும் அவளுக்கு,
கடன் கற்றுக்கொடுத்தது.
போன வருஷம் ஒரு தாளில் கட்டைவிரல் பதித்தாள்,
பக்கத்துக் கடைக்காரியின் கடனுக்கு
ஜாமீன் என்று தெரியாமல்.
அப்படி வந்து சேர்ந்ததுதான் பாம்பு.

"பள்ளிக்கூடம் போகவே இல்லையா?" என்று
ஒருநாள் கேட்டுவிட்டேன்.
ஆற்றுக்கு அப்பால் பள்ளி, வீட்டில் ஒரே ஜோடி செருப்பு,
அண்ணன் காலுக்கு அளவு சரியாக இருந்தது என்றாள்.
அப்புறம் சிரித்தாள்.
"அவனும் மூன்றாம் வருஷம் ஓடி வந்துவிட்டான்.
கரும்பலகை பிரெஞ்சு பேசியது,
நாங்கள் வீட்டில் தியுலா பேசினோம்.
செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்."

வியாழக்கிழமை வந்து போனை நீட்டினாள்.
"வயிறு நிரம்பிவிட்டதாம் இதற்கு.
பன்னிரண்டு நாளாக அவர் குரல் வரவில்லை.
உள்ளே இடமில்லாமல்
வாசலில் நிற்கிறதோ என்னவோ.
எல்லாவற்றையும் அழித்துவிடு."

நூற்று நாற்பது செய்திகள், ஒன்றுகூடத் திறக்காதவை.
இரட்டிப்பு நிமிடங்கள். மோட்டார் சைக்கிள் குலுக்கல்.
அழைப்பு மெட்டு, நூறு பிராங்க் மட்டும்.
படிக்கத் தெரியாதவளுக்கு
நாள் தவறாமல் கடிதம் எழுதுகிறது கம்பெனி.

அழிப்பதற்குப் படிக்க வேண்டியதில்லை.
கட்டைவிரல் போதும்.
டீ குடித்துக்கொண்டே,
தெருவில் போகிற எவனுக்கோ கையசைத்துக்கொண்டே
அழித்துக்கொண்டு போனேன்.

படமில்லாத வெறும் எண் ஒன்று.
அதற்கடியில் பிரெஞ்சில் நாலு வரி.
சியாகா என்று பார்த்தேன்.
இயந்திரம் என்று பார்த்தேன்.
உடலை, என்று ஒரு சொல்.
அதற்குள் விரல் அழுத்தியிருந்தது.

எண் போயிற்று. தேதி போயிற்று.
எங்கே வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்,
அதுவும் போயிற்று.
ஆறு வருஷம் பள்ளிக்கூடம் போனவன் நான்.

"இடம் வந்துவிட்டதா?" என்றாள்.
துணி முடிச்சை அவிழ்த்து
இருபத்தைந்து பிராங்க் நாணயத்தை
மேசைமேல் வைத்தாள்.

நான் எடுக்கவில்லை.

குடையின் ஓட்டை வழியே வெயில் ஒரு பொட்டு
நாணயத்தின்மேல் ஏறி, இறங்கி நகர்ந்தது.
அவள் நாணயத்தைப் பார்த்தாள்.
என் கையைப் பார்த்தாள்.
மறுபடி நாணயத்தை,
மெதுவாக,
எழுத்துக் கூட்டுகிறவளைப் போல.