கால் வைக்கக் கூடாது

ஊரணிச் சுவரில் நீலச் சாயத்தில் எழுதியிருந்தது:
குடிதண்ணீர். கால் வைக்கக் கூடாது.
மழையில் ஒரு துணைக்கால் உதிர்ந்துபோய்
'கூடது' என்றுதான் நான் படித்தேன்.
மூன்றாம் வகுப்பு. எழுபத்தொன்பது, சித்திரை.

இடது கணுக்காலில் கொப்புளம் உடைந்து
வெள்ளை நூல் ஒன்று எட்டிப் பார்த்தது.
நரம்புச் சிலந்தி.
விளக்குமாற்றுக் குச்சியில் சுற்றி வைத்தார்கள்,
நாளுக்கு ஒரு விரற்கடை.
இழுத்தால் அறும், அறுந்தால் கால் அழுகும்.
ஒரு முழம் வருவதற்குள்
முழுப்பரீட்சை முடிந்துவிட்டது.

கொப்புளம் உடைந்த ராத்திரியை
இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.
அடுப்புத் தணலை உள்ளே வைத்துத் தைத்ததுபோல் எரிச்சல்.
வாசலில் அப்பா குறட்டை.
நொண்டி நொண்டிப் போனேன்.
செம்புறாங்கல் படிகள், ஒன்பதாவதில் தண்ணீர்.
வைத்தேன்.

அம்மாடி, அந்தக் குளிர்ச்சி.

காலடியில் பால் கலங்கியதுபோல் ஏதோ பரவியது.
நிலாவில் அழகாகக்கூட இருந்தது.

மறு சித்திரையில் கீழத்தெருவில் பதினொரு பேர்.
தேனம்மைக்கு மார்பில் வந்தது, கைப்பிள்ளைக்காரி.
சுண்ணாம்புச் சூளை வெள்ளையன் மகனுக்கு முழங்கால்
மடங்கியது மடங்கியதுதான்.

சுகாதார ஆய்வாளர் அருளப்பன் சைக்கிளில் வந்தார்.
கண்ணாடித் தம்ளரில் ஊரணித் தண்ணீரை மொண்டு
லென்ஸைப் பிடித்தார்.
உள்ளே புள்ளிகள் துள்ளின.
"இதத்தான் குடிக்கிறீக."
கயிறு போட்டு ஊரணியை அளந்து மருந்து ஊற்றினார்.
வேட்டித் துணியை நாலாய் மடித்துக்
குடத்து வாயில் கட்டச் சொன்னார்.
தண்ணியைக் கெடுத்துட்டான் என்று ஏசினார்கள்.
மறுமாதமும் வந்தார். அதற்கடுத்த மாதமும்.

வீடு வீடாகக் கேட்டார்:
போன வருஷம் தண்ணியில காலை வச்சது யாரு?
என்னிடமும் கேட்டார்.
பதிவேட்டில் 'தெரியவில்லை' என்று எழுதியதை
எட்டிப் பார்த்தேன்.
அழகான கையெழுத்து.

இப்போது காரைக்குடியில்
தண்ணீர் வரி ரசீது போடுகிறேன்.
மதிய இடைவேளையில் பேப்பரில் அரைப் பத்தி:
ஆப்பிரிக்காவில் சாட் என்றொரு நாடு, ஓர் ஆற்றங்கரை.
உலகம் முழுக்கத் தேடியும்
ஒரு மினிபஸ்ஸை நிரப்ப ஆளில்லை,
அவ்வளவு பேருக்குத்தானாம் போன வருஷம்.
நாய்களுக்கும் வருகிறதாம்;
தண்ணீரில் இறங்காமல் கட்டிப்போட்டுச் சோறு வைக்கிறார்கள்.
எனக்கு வந்திருக்கிறது என்று
தானே வந்து சொல்பவருக்குப் பணம் தருகிறார்கள்.

சொல்பவருக்கு.

எரிச்சல் தாங்காத காலுக்கு ஒரு வாளித் தண்ணீர்.
அதைப் பிறகு ஆற்றைவிட்டு விலகி
வறண்ட மண்ணில் கொட்டிவிடுகிறார்கள்.

ஒரு வாளி.
எங்கள் வீட்டில் இரண்டு இருந்தன,
ஒன்றுக்குக் கைப்பிடி கிடையாது.

கவுண்டரில் யாரோ சில்லறையைத் தட்டுகிறார்கள்.
மேசைக்கடியில் செருப்பைக் கழற்றி
வலது கட்டைவிரலால் அந்த வடுவைத் தடவுகிறேன்.
அருளப்பன் சார்,
கீழத்தெரு, வரிசை எண் ஒன்று முதல் பதினொன்று வரை,
கடைசிக் கட்டம்.
எழுதிக்கொள்ளுங்கள்.