ஏழாம் தாளின் கறை

என் கிழக்கு எப்போதும் இடக்கைப் பக்கம்.
செம்புத் தகட்டில் உலகம் கண்ணாடிக்குள் இருப்பதுபோல்;
எடின்பரோ மாடியில், வடக்கு ஜன்னலோரம்,
தண்ணீர் நிரப்பிய குடுவை வழியே
மேசையில் ஒரு காசளவு வெளிச்சம் விழும்.
அந்தக் காசுக்குள் ஸ்காட்லாந்து நகர்ந்துபோகும்,
அங்குலம் அங்குலமாக, என் உளிக்கு அடியில்.

மலையே பார்த்ததில்லை என்று சொல்ல மாட்டேன்.
ரயிலிலிருந்து ஒன்றைப் பார்த்தேன்.
சரிவுக் கோடுகள் ஏதுமின்றி நின்றது,
யாரோ பாதி வேலையில் சாப்பிடப் போனதுபோல்.

பதிப்பாளர் ஸ்கிர்விங்கின் வழிகாட்டி
சிவப்பு அட்டை, ஐந்து ஷில்லிங்,
கோட்டுப் பையில் அடங்கும்.
மடித்த வரைபடங்கள் ஒன்பது.
கடைசி முப்பது பக்கமும் விடுதி விளம்பரம்,
பக்கம் நான்கு கினி.
"கொடுத்தவர் பெயர் தடித்த எழுத்தில் வரட்டும்.
கொடுக்காதவர்..." என்று நிறுத்தி
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

க்ளென் வெரிக்கில், ஏரிமுனையில்,
திருமதி எஃபி மெக்வூரிச்சின் விடுதி
எனக்கு ஒரு கறுப்புச் சதுரம், எள்ளளவு.
அவள் எழுதியிருந்தாள்:
"நான்கு கினியோடு கொஞ்சம் சேர்த்தால் பசு வாங்கலாம்.
பசு பால் தரும். உங்கள் பக்கம் என்ன தரும்?"
ஸ்கிர்விங் இரண்டு முறை சத்தமாக வாசித்தார்,
இரண்டாம் முறை சிரிக்காமல்.
மூன்றாம் பதிப்புக்குக் குறிப்பு வந்தது:
தாள் ஏழு. நீக்குக.

சுரண்டினால் பள்ளம் விழும், பள்ளத்தில் மை தேங்கும்.
அதனால் தகட்டைக் குப்புறப் போட்டு
முதுகில், மிகச் சரியாக அந்த இடத்தில்,
சிறு சுத்தியால் தட்டி எழுப்ப வேண்டும்.
பிறகு நிமிர்த்தி, கரியால் தேய்த்து, எண்ணெயிட்டு, மெருகு.
வீட்டைக் கட்டப் பத்து நிமிடம் ஆனது.
இடிக்க அரை நாள்.
கூலியும் இடிக்கத்தான் அதிகம்.

தட்டினேன், பால் குடித்த பிள்ளைக்கு
ஏப்பம் வரத் தட்டுவதுபோல்.
மெருகுக்கோலைப் பதினோராம் முறை ஓட்டியிருக்கலாம்.
பத்தோடு வைத்துவிட்டேன்.
பசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் நீக்கினேன்; செப்புத் தகடு வேறு செப்பியது.
ஈரக்காற்று அடித்த நாட்களில்,
அச்சுக்கூடத்து லோவி சோம்பலாய் மை துடைத்த நாட்களில்,
ஏரிமுனையில் ஒரு சாம்பல் மூட்டம்,
யாரோ கட்டைவிரல் வைத்ததுபோல்.

ஆகஸ்டில் கடிதங்கள்.
லீட்ஸ் பாதிரியார்: "என் பிரதியில் அழுக்கு. மாற்றித் தருக."
பிரிஸ்டல் பல்வைத்தியர்: "அது சதுப்பா, காடா?"
மிஸ் ட்ரெலோரும் மூன்று தோழிகளும்,
மழையில் வழி தப்பியவர்கள்:
"சுற்றிலும் வெறும் வெள்ளை.
அந்த ஓரிடத்தில் மட்டும் ஏதோ இருப்பதாகப் பட்டது.
அதை நோக்கி நடந்தோம்.
ஆட்டுக்கறி சூப் நன்றாயிருந்தது."

பிறகு, 'வரைபடம் வெட்டியவருக்கு' என்று
முகவரியிட்ட ஒன்று:
"ஐயா, தினமும் தரை தேய்க்கிறேன்.
ஆனாலும் வருகிறவர்கள் வாசலில் நின்று
'கறை இதுதானா?' என்கிறார்கள்.
கறைக்கு எத்தனை கினி என்று சொல்லுங்கள்.
தர மாட்டேன். தெரிந்துகொள்ளத்தான்."

நான்காம் பதிப்பு. அதே குறிப்பு,
இம்முறை அடிக்கோட்டோடு.

தகட்டைக் குப்புறப் போட்டேன்.
அதன் முதுகை நான் நின்று பார்த்ததே இல்லை.
பதினெட்டு வருடச் சுத்தியடிகள்:
வெள்ளம் கொண்டுபோன பாலம்,
பிரபு வேலியிட்டு மூடிய பாதை,
ஆளைக் கிளப்பிவிட்டு ஆடுகளை விட்ட கிராமங்கள் ஏழு,
பணம் கட்டாத விடுதி ஒன்று,
எல்லாம் சிறு குழிகளாக, அதனதன் இடத்தில்,
இடவலம் மாறாமல்.
கிழக்கு என் வலக்கைப் பக்கம் இருந்தது.

சுத்தியை எடுத்து
மேசைமேல் சும்மா நாலு தட்டுத் தட்டினேன்,
கீழே இருப்பவர்களுக்குக் கேட்கட்டும் என்று.
அரை நாள் கூலிக்கு ரசீது எழுதினேன்.
பழக்கதோஷம்,
என் பெயர் வலமிருந்து இடமாக விழுந்தது.