ஈரப்பதம்

மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போர்த்தியாயிற்று.
கொரடாச்சேரி கொள்முதல் நிலையத்தில்
எடைத்தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
தவணையில் வாங்கிய கிதாரின்
இரண்டாம் கம்பியை
மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்துகிறேன்.

டொக்.
மறுபடியும் டொக்.
ஈர நெல்லைக் கடித்த மாதிரி
சொத்தென்று நசுங்குகிறது.
பாட்டா கேட்டேன்?
ஒரே ஒரு சுரம்.
விரல் நுனியில் கம்பிக்கோடு எரிகிறது.

லோடுமேன் வைரக்கண்ணு
பீடியை அணைத்துவிட்டு வந்தார்.
"எங்க அமுக்கணும்?"
கொக்கி பிடித்துக் காய்த்த விரலை
நான் காட்டிய இடத்தில் வைத்தார்.
மீட்டினேன்.

கணீர்.

தராசடியில் படுத்திருந்த நாய் தலை தூக்கியது.
"இவ்ளோதானா?" என்று
கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு
தூங்கப் போய்விட்டார்.

பதினேழுக்கு மேல் போனால்
நெல்லைத் திருப்பி அனுப்புகிறவன் நான்.
என் விரல் இருபத்திரண்டு காட்டும்.
இந்தப் பருவத்தில்
கொள்முதல் ஆகாது.