ஒட்டு

தலை பிளந்த மட்டை என்னுடையது.
கைப்பிடி முறிந்தது டெல்ஃபினாவுடையது.
பெரம்பூர் லோகோ மைதானத்தில்
அரையிறுதியன்று அவள் வீசியதில்தான்
என் முட்டியில் ஏழு தையல்.

அப்படியும் போய்க் கேட்டேன்.
"எரிக்கத்தான் வெச்சிருந்தேன்" என்று கொடுத்தாள்.

அதில் ஆப்பு, இதில் பள்ளம்.
ரம்பம் எதிர்வீட்டு ஏசி மெக்கானிக்குடையது,
இரும்புக்கானது,
மரத்தில் போட்டதும் கத்தியது.

அரால்டைட் ரெண்டு டியூபும் சம அளவு,
இட்லிப்பானை மூடியில் குழைத்து
(அம்மாவுக்கு இன்னும் தெரியாது)
சைக்கிள் டியூபால் இறுக்கிச் சுற்றி
பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நிறுத்தினேன்.
இருபத்துநாலு மணி நேரம் என்றிருந்தது அட்டையில்.
கடல்காத்து ஈரம்,
முப்பதாக்கினேன்.

வியாசர்பாடி மண்ணில் முதல் அடி.
நேராகத்தான் அடித்தேன்.
பந்து இடப்பக்கம் ஒரு சாண் விலகி ஓடியது,
அவள் அடித்தால் ஓடுமே, அப்படி.

குனிந்து முட்டியைத் தடவிக்கொண்டேன்.

கொஞ்சம் இழைத்தால் சரியாகிவிடும்.
வேண்டாம், இருக்கட்டும்.
இந்த ஏரியா கோல்கீப்பர்கள் எல்லாரும்
என் பந்து நேராக வருமென்றே
நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.